இடதுபக்கச் சன்னல்

"இப்புடியே அமுத்திப் புடிச்சுக்கொ வசந்தாமணி, உட்டராத, உட்டா ஒரு பக்கம் எறங்கிக்கும், ஸ்க்ரூ பத்தாது, வாங்கிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு மனுஷன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, பசை தடவி ஒட்டிய பலகையில் உள்ளங்கை இரண்டையும் பதித்து, போதாததற்கு நெற்றியையும் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். முப்பத்தாறு வருஷமாக எதையாவது பிடி என்றால் பிடித்துக்கொண்டு நிற்பவள்தானே நான். ஏணியைப் பிடி, டார்ச்சைப் பிடி, வயரின் இந்த முனையைப் பிடி. பம்பு ஃபவுண்டரியில் ஃபோர்மேனாக இருந்தவரைக்கும் என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள். ரிட்டையர் ஆனபிறகு நான் ஒருத்தி. போர்டிகோவில் நிற்கும் இந்தச் சக்கரம் வைத்த டப்பாவுக்குள் ஒரு ஆள் நிமிர்ந்தால் கூரை தலையில் தட்டும். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து, உள்ளே நிற்பது இட்லிக் குண்டானுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. நகைக்கடையில் கொடுத்த கடிகாரத்தை அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார், கழுத்தைத் திருப்பினால் தெரிகிறது. இரண்டு நாற்பது. அடுப்பு மேடையில் என் போன் கிடக்கிறது, அதன் பக்கத்தில் அவர் கலந்துவிட்டு மூடாமல் போட்ட பசை டியூப் இரண்டும் கிடக்கின்றன. மூன்று மணிக்குப் பிருந்தா கூப்பிடுவாள். வர்றியா இல்லையா என்று ஒரே வார்த்தை சொல்லிவிடும்மா, என் வீட்டுக்காரர் பஸ் டிக்கெட் போட்டுவிடுவார் என்று காலையில் சொன்னாள். நீ மட்டும் வா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், நீ தொட்டிலில் போட வேண்டும் என்றாள். என் மகள்தான். நாலு வருஷம் கழித்து என்னை அம்மா என்று கூப்பிட்டுப் பேசுகிறாள். ஓசூருக்கு ஒரு பஸ், அவ்வளவுதான். காந்திபுரத்தில் ஏறினால் அவள் ஊரில் இறக்கிவிட்டுவிடுவான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசிக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை டிரெய்லர் என்கிறார்கள். ஊட்டிப் பக்கம் காட்டேஜ் வைத்திருந்தவர் யாரோ, வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது, இரண்டு பேர் படுக்கலாம், ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். ஊர் சுற்றத்தான் வாங்கியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். வயசான காலத்தில் ஜோடியாகக் கிளம்புகிறார்கள் பார் என்று எதிர்வீட்டு மயிலண்ணன் சம்சாரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். பிருந்தா அந்தப் பையனோடு போன அன்றைக்கு இவர் குலதெய்வக் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார். அவள் வாசப்படி மிதிக்க மாட்டேன், அவள் வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார மாட்டேன், அவள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு என் பல்லில் படாது. மூன்று சத்தியம், மூன்று கற்பூரம். இப்போது பேத்தி பிறந்துவிட்டது. போனுக்கு வந்த போட்டோவில் பார்த்தால் இவர் மூக்கு அப்படியே இருக்கிறது, அதே மிளகாய்ப்பழ மூக்கு. பார்க்காமல் இருக்க முடியவில்லை. சத்தியத்தையும் விட முடியவில்லை. அதனால் ஒரு கூரையை நாமே கொண்டுபோய்விடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே அறுபது லிட்டர் டேங்க் வைத்திருக்கிறார், சிறுவாணித் தண்ணீரை இங்கேயே பிடித்துக்கொண்டு போக. அடுப்பு வைத்தார். மூலையில் பக்கெட்டையும் பிவிசி குழாயையும் வைத்து கக்கூஸ் ஒன்று பண்ணியிருக்கிறார், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மகள் வீட்டு வாசலில் ரோட்டோரமாக நிறுத்துவாராம், உள்ளேயே இருப்போமாம், சமைத்துச் சாப்பிடுவோமாம், அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாளாம். "சத்தியமும் கெடாது, கண்ணும் குளுந்தாப்புல ஆச்சு" என்று சொல்லிவிட்டு, ஏதோ புது மோட்டார் கண்டுபிடித்தவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். இந்த மூளையை ஃபவுண்டரிக்காரன் முப்பது வருஷம் பயன்படுத்தியிருக்கிறானே என்று எனக்கு அவன்மேல்தான் பரிதாபம் வந்தது.

அதோடு விட்டாரா. டிரெய்லருக்குக் கதவு இடதுபக்கம்தான் இருந்தது. ரோட்டோரம் நிறுத்தினால் ஓரத்துப் பக்கம் இறங்க வேண்டும் என்று செய்தவன் புத்தியோடு செய்திருக்கிறான். இடதுபக்கம் இறங்கினால் நேராக அவள் வாசப்படியில் கால் வைக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அந்தக் கதவைத் தகரம் அடித்து மூடிவிட்டு, வலதுபக்கம் புதிதாக அறுத்துக் கதவு வைத்தார். வலதுபக்கம் என்றால் வண்டி போகிற பக்கம். அங்கே லாரியாகப் போகும் ரோடு. "ஏனுங்க, நடுரோட்டுல எறங்கோணுமுங்களே" என்றேன். "கண்ணு இருக்குதில்ல, பாத்து எறங்கு" என்றார். என் முழங்கால் இறங்குவதற்கே இரண்டு நிமிஷம் எடுக்கும். அதுவாவது போகட்டும், நான் இறங்கப் போவதில்லை. பிருந்தா இருபத்தாறு நாள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, டப்பாவைச் சுற்றி வந்து, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இந்தா பாருங்கள் என்று நீட்ட வேண்டும். நான் நினைக்கக்கூடாது என்றுதான் இருக்கிறேன், ஆனால் கண்ணை மூடினால் ஒரு லாரி வருகிறது. ஹாரன் அடிக்கிறது. துணி மட்டும் பறக்கிறது. சீ, என்ன நினைப்பு இது. கண்ணைத் திறந்தால் பலகை. பிளைவுட் வாசமும் பசை நாற்றமும் மூக்கில் ஏறுகின்றன. மூக்கு நுனியில் வேர்வை ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது, விழவும் மாட்டேன் என்கிறது, துடைக்கவும் கையில்லை. முழங்கையில் எறும்பு ஒன்று ஊர்கிறது. அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டால் அக்குளுக்குப் போகிறது. இரண்டு நாற்பத்தெட்டு. இந்தப் பலகை மூடுவது இடதுபக்கச் சன்னலை. நான் ஒன்றும் அடைக்கச் சொல்லவில்லை. கதவை மாற்றி முடித்துவிட்டு அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சன்னல் இன்னும் அவள் வீட்டைப் பார்த்துத்தானே இருக்கிறதுங்க என்று மட்டும்தான் சொன்னேன். சும்மா சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். "ஆமா புள்ள, நா கவனிக்கவே இல்லெ" என்றார். மறுநாள் பிளைவுட் வந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றியிருக்காது என்று இல்லை, எப்படியும் தோன்றியிருக்கும், அடுத்த வாரம் தோன்றியிருக்கும்.

வலதுபக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் அது இருக்கிற இடம் எனக்குத் தெரியும். புதிது வாங்கவில்லை, எதையும் வீசமாட்டார், மாடி ரூம் கதவில் இருந்ததைக் கழற்றிப் போட்டிருக்கிறார். எட்டங்குல இரும்புத் தாழ்ப்பாள், பச்சைப் பெயின்ட், தள்ளும்போது பாதி வழியில் ஒரு இடத்தில் சிக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். மாடி ரூமில் அது வெளிப்பக்கம் இருந்தது. அந்தப் பையனைப் பற்றிப் பிருந்தா என்னிடம்தான் முதலில் சொன்னாள். அம்மா, அப்பாகிட்ட இப்பச் சொல்லாத, நா வேலைக்குச் சேந்தப்பறம் நானே சொல்லிக்கறேன் என்று என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள். சரி கண்ணு என்றேன். அன்றைக்கு மத்தியானமே இவருக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். ரசம் ஊற்றுவதற்கு முன்னால். பிறகு பதினெட்டு நாள் அவள் மாடி ரூமில் இருந்தாள். இவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். மூன்று வேளையும் தட்டு கொண்டுபோனது நான், தாழ்ப்பாள் திறந்தது நான், போட்டது நான். அவள் கத்தவில்லை, முதல் நாலு நாள்தான் கத்தினாள். அப்புறம் ஒருநாள் தட்டை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "அம்மா, ஒரே ஒரு தடவ மறந்தாப்புல தாப்பாப் போடாமப் போயிரும்மா. உன்ன ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." வெளியே வந்தேன். பாதி வழியில் சிக்கும், தூக்கித் தள்ளினேன். அவர் அடித்துவிடுவார் என்று பயம் என்பேன் கேட்டால். அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஊர் என்ன சொல்லும் என்பேன். ஊர் எதற்கு, ஊரில் எனக்கு யாரைத் தெரியும். எனக்கு என்ன தோன்றியது என்று எனக்கே சொல்ல வாய் வரவில்லை. நான் இவள் வயசில் என்ன பண்ணினேன், ஏணி பிடித்தேன், இவள் மட்டும் பிடித்தவனோடு போவாளா என்று தோன்றியது. அதுதான். வேறு ஒன்றும் இல்லை. பெற்ற மகள்மேல் வயிறு எரிந்தது.

வாசலில் டிவிஎஸ் சத்தம். வந்துவிட்டார். கேட் திறக்கிற சத்தம் வரவில்லை. மயிலண்ணன் பிடித்துக்கொண்டார் போல, தகரத்தில் குரல் அதிர்ந்து வருகிறது. "டேங்கு அறுவது லிட்டருங்களா, போதுமுங்களா?" "ரெண்டு பேருக்கு நாலு நாளைக்குக் காணும். அவ ஊட்டுத் தண்ணி ஒரு சொட்டு வேண்டாமுங்க." "பலே ஆளுங்க நீங்க, வைராக்கியமுன்னா இதுதானுங்க வைராக்கியம்." இன்னும் அரை மணி நேரத்துக்கு நகர மாட்டார், யாராவது பலே என்று சொல்லிவிட்டால் போதும். வைராக்கியமாம். அவளைப் பூட்டிவைத்த பத்தாம் நாளா பதினோராம் நாளா, ஒருநாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் காலையில் மாடிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் தட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. மறந்தாரோ, மறந்த மாதிரி விட்டாரோ, இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் மட்டும் விலகி இருந்தது. உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், கட்டில் சத்தம் இல்லை. தட்டைக் கீழே வைத்தேன். யாருமே பார்க்கவில்லை. நான் இறங்கிப் போயிருக்கலாம். சிக்கும் இடத்தில் தூக்கித் தள்ளினேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதா. அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நாலு வருஷமாக அதுதான் தெரிய வேண்டும். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்திலிருந்துதான் போனாள். போகும்போது அவளுடைய மணிபர்ஸை நான்தான் தலையணைக்குக் கீழே வைத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நர்ஸம்மா வைத்தது. காலையில் போனில் அதைத்தான் சொன்னாள், "நீ மட்டும் அன்னைக்கி உதவலீன்னா எனக்கு இந்த வாழ்க்கையே இல்லம்மா, நீ வா, அப்பா வேண்டாம், அவருதான என்னயப் பூட்டினாரு." நான் ம் என்றேன். ம் என்பது பெரிய வசதி.

போனால் என்ன ஆகும். முதல் நாள் பிள்ளை, இரண்டாம் நாள் பிள்ளை. மூன்றாம் நாள் அவள் மாமியார் கோயிலுக்குப் போயிருப்பாள், பிள்ளை தூங்கும், அவள் என் மடியில் தலை வைப்பாள். அம்மா, ஒருநாள் காலைல அப்பா தாப்பாப் போடாம எறங்கிப் போனாரு, நா கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன், அதுக்கப்பறம் ஆரோ வந்து போட்டாங்க, ஆரும்மா அது என்று கேட்பாள். கேட்காமலும் இருக்கலாம். கேட்காமல் தெரிந்துகொண்டு சிரிக்கலாம், அது இன்னும் மோசம். இவரோடு போனால் அந்தப் பேச்சே இல்லை. இவர் ஒருத்தர் போதும், எல்லாரும் இவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், நான் பாவம் என்று உள்ளே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருப்பேன். நடுரோட்டில் நின்று பிள்ளையை நீட்டினால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம். லாரி ரோட்டில் யார் மடியில் தலை வைப்பார்கள். இரண்டு ஐம்பத்தொன்பது. கை மரத்துவிட்டது, விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூக்குச் சொட்டு எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, இன்னொன்று வந்துவிட்டது.

போன் அடிக்கிறது. அடுப்பு மேடையில் அதிர்ந்து அதிர்ந்து டியூப் பக்கம் நகர்கிறது. பிருந்தா என்று தெரிகிறது, பேருக்குக் கீழே பிள்ளையின் போட்டோ வைத்திருக்கிறாள், அந்த மூக்கு. பலகையை விட்டால் ஒரு பக்கம் இறங்கிக்கொள்ளும். எட்டினால் எடுத்துவிடலாம், ஒரு கை போதும், ஒரு கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் எடுக்கலாம். இறங்கிக்கொண்டால் அவர் கத்துவார். அவர் கத்த மாட்டார், தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் பசை தடவுவார். ஏழு முறை அடித்தது, எட்டு முறை. நின்றுவிட்டது. நான் பலகையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாலுக்கு மறுபடியும் அடித்தது. வெளியே இவர் மயிலண்ணனிடம் கக்கூஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எடு எடு என்று அது அடிக்கிறது. மூன்று வேளையும் சோறு கொண்டுபோனேனே, ஒருவேளைகூட ஆறிப்போன சோறு கொடுத்ததில்லையே, அதை யாராவது கணக்கில் வைப்பார்களா. நின்றுவிட்டது. அப்புறம் ஒரே ஒரு டிங் சத்தம். எழுத்து வெளிச்சத்தில் வந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், இந்த வயசிலும் கண்ணாடி கிடையாது. 'வேலையா இருக்க போல. டிக்கெட் இப்பப் போடலீன்னா கெடைக்காதுங்கறார். அத்தையே தொட்டில்ல போட்டுருவாங்க. பரவால்லம்மா.' வெளிச்சம் அணைந்துவிட்டது. பரவால்லம்மா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஸ்க்ரூ பொட்டலத்தோடு குனிந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அட கெரகமே, இன்னுமா புடிச்சுட்டு நிக்கற? அது எப்பவோ புடிச்சிருக்குமே" என்று பலகையை விரலால் தட்டினார். சுவர் மாதிரி சத்தம் வந்தது. கையை எடுத்தேன், பலகை அசையவில்லை. கைதான் கீழே இறங்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. டியூப்பில் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவர் கலக்கும்போதே நான் படித்துவிட்டேன். போன் அடிப்பதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே, உள்ளங்கைக்குக் கீழே அது இறுகியது எனக்குத் தெரிந்தது. அவர் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கண்ணாடி வேண்டும், சட்டைப் பையில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் ஸ்க்ரூ பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னார், "அவளக் கூப்புட்டு, வர்றேன்னு சொல்லு. டிக்கெட் இல்லீன்னா நானே காந்திபுரத்துல கொண்டுபோய் ஏத்தி உடறேன். நாந்தான் சத்தியம் பண்ணுனேன், நீ பண்ணுலியே. நீ போய்ப் புள்ளையத் தொட்டில்ல போடு." இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவர்மேல் அத்தனை கோபம் வந்தது, முப்பத்தாறு வருஷத்தில் வந்ததில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "உங்கள உட்டுட்டு நா மட்டும் எப்புடிங்க போறது, நாலு பேரு என்ன பேசுவாங்க" என்றேன். "அடுத்த வாரம் ரெண்டு பேருமா இதுலயே போலாமுங்க." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் ஈரமாக இருந்தது, என்னைப் பற்றிப் பெருமைப்படுகிறார் என்று தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்து, மறுபடியும் பலகையில் கையை வைத்தேன். "மூலைக்கு ரெண்டாப் போடுங்க" என்றேன்.